முந்தின ராத்திரி வேலை

நம்முடைய பண்டிகைகளை அடுப்பில் இருக்கும் பாத்திரத்தை வைத்தே சொல்லிவிடலாம். எண்ணெய் காய்ந்துகொண்டே இருந்தால் தீபாவளி. சீடை வெடித்துவிடுமோ என்று எல்லாரும் நாலடி தள்ளி நின்றால் கோகுலாஷ்டமி. கார்த்திகைக்கு அப்பம், அனுமன் ஜயந்திக்கு வடை. பொங்கலுக்கு எண்ணெய் கிடையாது, ஆனால் அந்தக் குறையை நெய்யும் வெல்லமும் தீர்த்துவிடும். இந்த வரிசையில் நவராத்திரி ஒன்றுதான் ஒட்டாமல் நிற்கிறது. மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஒன்பது இரவுகள், கொலு பார்க்க வருகிறவர்கள் கையில் வெற்றிலை பாக்கோடு நாம் கொடுத்தனுப்புவது வெறும் வேகவைத்த பயறு. அதில் எண்ணெய் என்றால் தாளிக்க ஒரு கரண்டி, இனிப்பு அநேகமாக இல்லை.

இன்றைக்குக் கொண்டைக்கடலை, நாளைக்குப் பாசிப்பயறு, அப்புறம் காராமணி, மொச்சை, பட்டாணி, கடலைப்பருப்பு, வேர்க்கடலை. வரிசை வீட்டுக்கு வீடு மாறும். வெள்ளிக்கிழமை வந்தால் பல வீடுகளில் புட்டு. சிலர் காராமணியிலேயே வெல்லம் போட்டு இனிப்புச் சுண்டலாக்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் வாணி விழா என்றால் அவலும் கடலையும். மெரினாவிலோ பட்டாணிச் சுண்டலுக்குப் பண்டிகையே தேவையில்லை, தேங்காய் மாங்காயோடு வருஷம் முழுக்க மணலில் நடந்து வரும்.

சுண்டலில் அடுப்பு வேலை அரை மணி நேரம்தான். கஷ்டமான பகுதி அதற்கு முந்தின ராத்திரி. அதையும் வேலை என்று சொல்ல முடியாது. படுக்கப் போகும் முன் ஒரு பாத்திரத்தில் பயறைப் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். கை வலிக்காது, ஆனால் ஞாபகம் இருக்க வேண்டும். பயறு நல்லது என்று தெரிந்தும் நாம் அடிக்கடி செய்யாமல் இருப்பதற்கு முக்கியமான காரணம் விலையோ ருசியோ அல்ல, இந்த ஞாபகம்தான் என்பது என் கட்சி.

*

ஒரு கறுப்புக் கொண்டைக்கடலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் இருப்பது முளைவேர். முளைகட்டும்போது வெள்ளையாக முதலில் எட்டிப் பார்ப்பது அதுதான். மூக்குக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு தெரியும். காயின் உள்சுவரோடு கடலை ஒட்டிக்கொண்டிருந்த இடம் அது. தழும்பை ஒட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு, ஒரு துளை. தாவரவியலில் அதற்குச் சூல்துளை என்று பெயர்.

கடலையின் தோல் லேசில் தண்ணீரை உள்ளே விடாது. செடியின் கண்ணோட்டத்தில் அது நியாயம்தான். முதல் தூறலுக்கே ஊறி முளைத்துவிட்டு, பிறகு மழை இல்லாமல் கருகிப்போகிற விதையால் வம்சம் வளராது. ஆகவே முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தண்ணீர் பெரும்பாலும் அந்தத் தழும்பு வழியாகவும் துளை வழியாகவும்தான் உள்ளே போகிறது. மொச்சையிலும் ராஜ்மாவிலும் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தோல் முதலில் நனைந்து விரிந்து சுருக்கம் சுருக்கமாகும், உள்ளே இருக்கும் பருப்பு பின்னாலேயே உப்பிவந்து அந்தச் சுருக்கத்தை நிரப்பும். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கடலையின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். பாத்திரம் சின்னதாக இருந்தால் காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஊறாத கடலையையும் நாள் முழுக்க வேகவைத்தால் வெந்துவிடும். ஆனால் வெளியே குழைந்து தோல் உரிந்த பிறகும் நடுவில் ஒரு கெட்டி மிச்சமிருக்கும். சூடு வேகமாக உள்ளே போய்விடும், தண்ணீர் மெதுவாகத்தான் போகும் என்பதுதான் சங்கதி. மாவுச்சத்து சூட்டோடு தண்ணீரையும் வாங்கிக்கொண்டால்தான் வெந்து இளகும். தண்ணீர் மட்டும் முதலில் போய் உட்கார்ந்துகொள்ள அவகாசம் கொடுப்பதற்குத்தான் ராத்திரி முழுவதும்.

மறந்துபோனால்? நவராத்திரி வாரத்தில் இப்படி ஒரு போன் எத்தனையோ வீடுகளுக்கு வரும்:

“அம்மா, கடலை ஊறப்போடவே மறந்துட்டேன்மா. சாயங்காலம் ஏழு பேர் வராங்க.”

“இப்ப மணி என்ன ஆச்சு? ஒம்பதுதானே. தண்ணிய நல்லாக் கொதிக்கவிட்டு ஹாட்பாக்ஸ்ல கடலையைப் போட்டு ஊத்தி மூடி வைடி. மத்தியானத்துக்குள்ள ஊறிடும். பதறாதே.”

அம்மா சொல்வது சரி. சூடு கூடினால் தோல் சீக்கிரம் இளகும், தண்ணீரும் வேகமாகப் பரவும். இரண்டு நிமிஷம் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் விடுவது என்கிற முறையும் உண்டு. பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ராத்திரி ஊறியது சற்று ஒரே சீராக வேகும்.

ஊறும் தண்ணீரில் ஒரு சிட்டிகைக்கு மேலேயே உப்புப் போடலாம். உப்புப் போட்டால் வேகாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். ஊறும்போது போட்டால் நடப்பது நேர்மாறு. அதைப் புரிந்துகொள்ள, சில வருஷங்களாக டப்பாவில் தூங்கும் பழைய கடலையிடம் போக வேண்டும்.

*

‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்று யாரையாவது மிரட்டும்போது, நாம் அறியாமலே ஒரு வேதியியல் உண்மையைச் சொல்கிறோம். வேகாத பருப்பு என்று உண்மையாகவே ஒன்று இருக்கிறது. அதிலும் இரண்டு சாதி. ஒன்று ஊறவே ஊறாது. காலையில் பாத்திரத்தைத் துழாவினால் கூழாங்கல்லாகக் கையில் தட்டுப்படுமே, அது தோலே தண்ணீரை விடாத ரகம். பொறுக்கி எறிந்துவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று விஷமக்காரச் சாதி. அழகாக ஊறும், உப்பும், குக்கரில் எட்டு விசில் விட்டாலும் மசியாது.

பயறின் உள்ளே எண்ணற்ற செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பெக்டின் என்கிற பசை. ஜாம் இறுகுவதற்குக் காரணமான அதே பெக்டின்தான். பயறு வேகிறது என்று நாம் சொல்வதில் பாதி, இந்தப் பசை வெந்நீரில் கரைந்து செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுகொள்வது. கால்சியமும் மக்னீசியமும் பெக்டின் இழைகளைப் பிடித்து ஒன்றோடொன்று கட்டிவிட்டால் பசை கரையாது.

புதுப் பயறில் இந்தக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பைட்டிக் அமிலம் என்கிற பொருள் தன்னிடம் பிடித்து வைத்திருக்கிறது. விதை தன் பாஸ்பரஸைச் சேமித்து வைப்பது இந்த வடிவத்தில்தான். புழுக்கமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால், பயறில் இருக்கும் ஒரு நொதி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடுகிறது. விடுபட்ட கால்சியம் நேரே பெக்டினிடம் போய்ச் சேர்கிறது. பருப்பு வேகாததற்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம் இது. சென்னை மாதிரி கடலோர ஊரில், அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் அலமாரியில் பயறு டப்பாவை வைப்பதைவிட அதைக் கெடுக்கச் சிறந்த வழி கிடையாது. கிடைக்கிற இடத்திலேயே உலர்ந்த, குளிர்ந்த மூலை அதற்கு வேண்டும். ஒரு வருஷச் சாமானை மொத்தமாக வாங்கி வைக்கும் பழக்கம் பயறு விஷயத்தில் லாபமில்லை.

ஆழ்குழாய்த் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் தாராளம். அந்தத் தண்ணீரில் ஊறிய கடலை முரண்டு பிடிப்பதில் ஆச்சரியமில்லை. குடிக்கிற தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். உப்பு உதவுவதும் இந்த இடத்தில்தான். உப்பில் உள்ள சோடியம் தோலின் பெக்டினிலிருந்து கால்சியத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. சோடியத்தால் இரண்டு இழைகளைச் சேர்த்துக் கட்ட முடியாது. தோல் மெத்தென்று ஆகிறது.

ஆப்ப சோடா போடுவது குறுக்குவழி. காரத்தன்மை ஏறினால் பெக்டின் உடைந்தே போகும், கடலை மளமளவென்று மசியும். கூடவே பயறில் இருக்கும் பி1 வைட்டமின் காணாமல் போகும், சோப்பு வாசனையும் லேசாக எட்டிப் பார்க்கும். ரொம்பப் பழைய கடலை என்றால் ஒரு சிட்டிகை மன்னிக்கலாம். கல்யாணச் சமையலில் கைநிறைய அள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மன்னிப்பு கிடையாது.

புளிப்புக்கு எதிர்க் குணம். எலுமிச்சை, புளி, தக்காளி, மாங்காய் எது சேர்ந்தாலும் பெக்டின் கரைய மறுக்கும். சுண்டலில் எலுமிச்சை கடைசியில் பிழிவதும், மாங்காய் கடைசியில் தூவுவதும் அழகுக்காக மட்டும் இல்லை.

குக்கரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கிறது, திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் ஆவது கால் மணியில் முடிகிறது. 1679-ல் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை மசியவைப்பதற்காக லண்டனில் செய்து காட்டிய பாத்திரத்தின் பேத்திதான் நம் குக்கர். ஆனால் விசிலை எண்ணுவது நல்ல கணக்கு இல்லை. தீ பெரிதாக இருந்தால் நாலு விசில் சடசடவென்று வந்துவிடும், கடலை உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது மேல்.

*

இந்தக் காலத்துக் கொலுவில் ராஜ்மாச் சுண்டலும் வருகிறது. அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். ராஜ்மாவில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், லெக்டின் என்கிற நச்சுப் புரதம் இருக்கிறது. பச்சையாக நாலைந்து கொட்டை தின்றாலே போதும், சில மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. 1970-களிலும் 80-களிலும் பிரிட்டனில் பலர் இப்படி அவதிப்பட்டார்கள். சரியாக வேகாத ராஜ்மா பச்சையைவிட மோசம். 80 டிகிரி அளவில் மெல்லச் சூடேறினால் நச்சு குறைவதற்குப் பதில் பல மடங்கு கூடுகிறது. மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கும் பாத்திரங்களில் சிக்கல் வந்தது அதனால்தான். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் பயமில்லை. குக்கர் இருக்கும் வீட்டில் இந்தக் கவலையே வேண்டாம். முளைகட்டியது உடம்புக்கு நல்லது என்று ராஜ்மாவை முளைகட்டிப் பச்சையாக சாலட்டில் போடுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பத்தி.

நன்றாக வெந்த மற்ற பயறுகளில் இந்த அபாயம் கிடையாது, சங்கடம் உண்டு. ஒரே சாயங்காலத்தில் நாலு வீட்டுக் கொலுவுக்குப் போய் நாலு சுண்டலையும் மரியாதைக்காகச் சாப்பிட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பயறில் ராபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பஸ்கோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. செரிக்காமல் பெருங்குடல் வரை போகின்றன. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து, விருந்தின் மிச்சம் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும். ஊறிய தண்ணீரைக் கொட்டினால் இவற்றில் ஒரு பங்கு போய்விடும். முளைகட்டினால் பெரும்பங்கு போகும், ஏனென்றால் முளைக்கிற விதைக்கு முதல் சாப்பாடே அந்தச் சர்க்கரைதான். அடிக்கடி பயறு சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை சில வாரங்களில் குறைந்துவிடுவதும் உண்டு.

பெருங்காயம் இதற்காகத்தான் என்பது நம்பிக்கை. வாயு விஷயத்தில் அதன் சாமர்த்தியத்துக்கு ஆய்வுக்கூடச் சாட்சி இன்னும் பலமாக இல்லை. ஆனால் பெருங்காயம் இல்லாத சுண்டலை நானும் தொடமாட்டேன். அதன் கந்தகக் கூட்டுப்பொருள்கள் எண்ணெயில் பொரிந்ததும் வெங்காயம் பூண்டு இல்லாமலே அந்த வாசனை வந்துவிடும், பூஜை வீட்டுக்கு அது சௌகரியம். இத்தனை நூற்றாண்டாக நாம் கரைத்துக் குடித்தும் இந்தச் செடி நம் நாட்டில் பயிராகவில்லை. ஆப்கானிஸ்தானும் ஈரானும்தான் அனுப்பிக்கொண்டிருந்தன. இமாசலப் பிரதேசத்து லாகௌல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் ஆய்வு நிறுவனத்தார் முதல் பெருங்காயச் செடியை விவசாயியின் நிலத்தில் நட்டது 2020 அக்டோபரில்.

*

இனி, சுண்டலின் உண்மையான பெருமைக்கு வருவோம். நன்றாக வெந்த கடலை ஒன்றை எடுத்துத் தோலை நீக்கிவிட்டு, பருப்பை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்துங்கள். உருளைக்கிழங்கை நன்றாகப் பிசைந்தால் வருகிற பிசுபிசுப்பு இதில் வராது. பொடிப்பொடியாக, மெல்லிய மணலாக உதிரும். அந்த ஒவ்வொரு மணலும் உடையாத ஒரு செல், அல்லது சில செல்கள் சேர்ந்த கொத்து. நடுவிலிருந்த பசை கரைந்ததால் செல்கள் பிரிந்துவிட்டன, ஆனால் ஒவ்வொன்றின் சுவரும் அப்படியே இருக்கிறது. மாவுச்சத்து முழுவதும் உள்ளேயே பத்திரம், பாட்டியின் சுருக்குப்பையில் முடிந்துவைத்த காசு மாதிரி.

நம் குடலின் நொதிகளுக்கு அந்தச் சுவரைத் தாண்டுவது சிரமம். மாவுச்சத்து குளுக்கோஸாக மாறுவது தாமதப்படும், ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும், ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமலேயே தாண்டிப் போகும். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் கூட்டாளிகளும் 1981-ல் 62 உணவுகளைச் சாப்பிடக் கொடுத்து, எது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளந்து ஒரு பட்டியல் போட்டார்கள். சர்க்கரை நோயாளிகளின் வாயில் இன்று அடிக்கடி அடிபடும் கிளைசீமிக் குறியீடு அங்கே பிறந்தது. மாவுச்சத்துள்ள உணவுகளில் பட்டியலின் அடிமட்டத்தில் உட்கார்ந்திருந்தவை பயறு வகைகள்.

அதே குழு அடுத்த வருஷம் இன்னொன்றைக் கவனித்தது. காலையில் பயறு சாப்பிட்டவர்களுக்கு, மத்தியானம் வேறு எதையோ சாப்பிட்டபோதும் சர்க்கரை அவ்வளவாக ஏறவில்லை. 1988-ல் தாமஸ் வோலிவர் முதலியோர் ராத்திரிச் சாப்பாட்டை வைத்துப் பார்த்தார்கள். ராத்திரி மெதுவாகச் செரிக்கும் உணவு, மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் பிறகும் சர்க்கரையை அடக்கி வைத்தது. ஒரு சாப்பாட்டின் பலன் அடுத்த சாப்பாட்டிலும் தெரிகிறது. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அந்த மிச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் சிறு கொழுப்பு அமிலங்கள் இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். வாயுவை உண்டாக்குகிற அதே சமையல்காரர்கள்தான். சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு சுண்டல் கொடுக்கும் வழக்கத்தை இதை நினைத்து யாரும் ஏற்படுத்தவில்லை. முன்னோர் எல்லாம் அறிந்தே செய்தார்கள் என்று வாட்ஸப்பில் வருகிற ரகத்தில் இதைச் சேர்த்துவிடாதீர்கள். வசதியாக அமைந்துவிட்டது, அவ்வளவே. கொலுவில் கிடைக்கும் ஒரு தொன்னை அளவுக்கு இந்தப் பலனை எதிர்பார்க்கவும் முடியாது. ராத்திரிச் சாப்பாட்டில் சோற்றின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஒரு கிண்ணம் சுண்டல் வந்தால்தான் கணக்கு மாறும்.

கடலை கடலைதானே என்று பஜ்ஜிக்கும் இதே புண்ணியத்தைக் கொடுத்துவிட முடியாது. மில்லில் மாவாக அரைக்கும்போது செல்சுவர்கள் நொறுங்கிவிடுகின்றன, உள்ளே இருந்த மாவுச்சத்து வெளியே கொட்டிவிடுகிறது. எண்ணெயில் பொரித்த கதை தனி. லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் நாரிச் நகரத்துக் குவாட்ரம் நிறுவனத்திலும் உள்ள ஆய்வாளர்கள் செல்கள் உடையாதபடி கடலையைப் பொடியாக்கும் வழி கண்டுபிடித்து, அதைக் கோதுமை ரொட்டியில் கலந்து பார்த்தார்கள். சாதாரண ரொட்டியைவிட ரத்தச் சர்க்கரை ஏற்றம் நன்றாகக் குறைந்தது. அவர்கள் இயந்திரம் வைத்துச் செய்ததை, முழுக் கடலையை ஊறவைத்து வேகவைத்து நாம் பல்லால் மென்று சாதிக்கிறோம்.

புரதத்தைப் பற்றி எல்லாரும் பேசியாகிவிட்டது, ஆகவே சுருக்கமாக. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அது பரவாயில்லை. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும் என்பதில்லை, அன்றைக்குள் சேர்ந்தால் சரி. வேர்க்கடலை மட்டும் இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் வேறு. குடும்பத்தால் பயறு, குணத்தால் எண்ணெய்வித்து. எடையில் பாதிக்குக் கிட்டத்தட்டக் கொழுப்பு. நல்ல கொழுப்புதான், ஆனாலும் அன்றைக்கு இரண்டாவது தொன்னையை யோசித்து வாங்கலாம்.

இரும்புச்சத்து விஷயம்தான் எனக்கு உறுத்தல். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கொலுவுக்கு வருகிறவர்களும் வைக்கிறவர்களும் பெரும்பாலும் இவர்களே. பயறில் இரும்பு இருக்கிறது, ஆனால் அதை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. பயறு மசிவதற்குக் கைகொடுத்த அந்தப் பைட்டிக் அமிலம் இங்கே எதிர்க்கட்சி, இரும்பையும் பிடித்துக்கொண்டுவிடும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் அதன் பிடியை ஓரளவு தளர்த்தும். வைட்டமின் சி இருந்தால் இரும்பு கரைந்த நிலையில் இருந்து குடலுக்குள் போகும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம், கொதியில் அந்த வைட்டமின் அழிந்துவிடும். துருவிய மாங்காயும் அப்படித்தான்.

இத்தனையும் செய்துவிட்டு, சுண்டல் கையில் இருக்கும்போதே “ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுத்தான் போகணும் மாமி” என்று டம்ளரை நீட்டுகிறோம். காபியிலும் தேநீரிலும் உள்ள பாலிபீனால்கள் இரும்போடு சேர்ந்துகொண்டு அதை உறிஞ்ச விடாமல் செய்கின்றன. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் காபி தேநீர் வேண்டாம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் சொல்கிறது. கொலுவுக்குப் பானகமோ எலுமிச்சைச் சாறோ நல்ல ஜோடி. காபியை விடச் சொல்லி இந்தக் கட்டுரையை யாரும் தூக்கிப் போடும்படி செய்ய எனக்கு விருப்பமில்லை, வீட்டுக்குப் போய்க் குடியுங்கள்.

*

தாளிப்பில் ஒரு சின்ன வேடிக்கை. கடுகைப் பச்சையாக அரைத்தால் மூக்கில் ஏறும் அந்தக் காரம் கடுகுக்குள் தயாராக இருப்பதில்லை. நசுங்கும்போது ஒரு நொதியும் இன்னொரு பொருளும் ஈரத்தில் கலந்து அந்த நிமிஷத்தில் உண்டாவது அது. எண்ணெயில் போட்டால் சூட்டில் நொதி செத்துவிடும். உள்ளே இருக்கும் துளி ஈரம் ஆவியாகித் தோலை வெடிக்கவைக்கும், காரத்துக்குப் பதில் வறுத்த கொட்டையின் மணம் வரும். வெடிக்காத கடுகு கசப்பதும் சில விநாடி கூடிப்போனால் கருகுவதும் எல்லாருக்கும் தெரியும். மிளகாயின் காரமும் கறிவேப்பிலையின் வாசனையும் தண்ணீரில் சரியாகக் கரையாதவை, எண்ணெயில்தான் இறங்கும். ஆகவே எண்ணெய் ஒரு கரண்டி வேண்டும். அரைக் கரண்டியில் முடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் மிச்சமாவது எண்ணெய் மட்டும், சாப்பிட ஆள் வராது.

பாத்திரத்தில் கடலை வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஊறிய தண்ணீர் வேறு, வெந்த தண்ணீர் வேறு. கடலையிலிருந்து கழன்ற பி வைட்டமின்களும் தாதுக்களும் இதில் இருக்கின்றன. தக்காளியும் மிளகும் போட்டு ரசமாக்கினால் அன்றைய ராத்திரிக்குச் சரி. ராஜ்மாவுக்கு மட்டும் இந்தச் சலுகை வேண்டாம்.

தேங்காய் சேர்த்த சுண்டல் அதிக நேரம் தாங்காது. ஈரம், புரதம், புளிப்பில்லாமை, முப்பது டிகிரி வெயில் என்று பாக்டீரியாவுக்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்தில். மத்தியானமே செய்து மூடி வைத்துவிட்டு ராத்திரி எட்டு மணி வரை விநியோகிப்பதை விட, வேகவைத்த கடலையை ஆறியதும் பிரிட்ஜில் வைத்து, ஆட்கள் வரவரத் தாளித்துக் கொடுப்பது உத்தமம். சுடச்சுட பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினால் சரஸ்வதி சந்தோஷப்படுவாள். வாழையிலைத் தொன்னை இன்னும் கிடைக்கிறது.

*

பத்தாம் நாள் விஜயதசமி. பொம்மைகள் பெட்டிக்குள் போகின்றன, கூடவே பயறு டப்பாக்களும் அலமாரியின் பின்வரிசைக்குப் போகின்றன. ஏறக்குறைய இருபது நாளில் தீபாவளி, எண்ணெய்ச் சட்டியின் ஆட்சி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, சைவ உணவில் நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவரின் தட்டில் 85 கிராம் பருப்பும் பயறும் இருக்க வேண்டும். உலர்ந்த எடையில் 85 கிராம் என்பது லேசான அளவு இல்லை. நீர்க்கக் கரைத்த சாம்பாரும் மேலாகத் தெளிந்த ரசமும் அதை எட்டவே எட்டாது.

ஒன்பது நாளில் ஒரு பழக்கம் ஊன்றிவிடுமா? லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரிடம் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, தினமும் ஒரே செயலை ஒட்டி அதைச் செய்யவைத்தார்கள். யோசிக்காமலே செய்யும் அளவுக்கு அது வர, நடுவாக 66 நாள் ஆனது. சீக்கிரம் பிடித்துக்கொண்டவருக்கு 18 நாள், மெதுவானவருக்கு 254 என்று கணக்குப் போட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்பது அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி. ஒன்பது நாள் போதாது. ஆனால் நவராத்திரி, பழக்கத்துக்கு வேண்டிய கொக்கியை நம் கையில் கொடுத்துவிடுகிறது: ராத்திரிப் பாத்திரம் கழுவி முடித்த கையோடு ஊறப்போடுவது. நேரத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் மறக்கலாம். பாத்திரம் கழுவுவதோடு முடிந்துவைத்தால் மறப்பது கஷ்டம், அந்த வேலை எந்த ராத்திரியும் தப்பாது. யார் பாத்திரம் கழுவுகிறார்களோ அவர் தலையிலேயே இதையும் கட்டாமல், வீட்டில் இன்னொருவர் எடுத்துக்கொள்வது நியாயம். பத்து வயதுப் பையனால் தாராளமாகச் செய்ய முடியும். எந்தப் பயறு என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் அவனிடம் கொடுத்துவிட்டால் அவனே ஞாபகப்படுத்துவான்.

தினம் முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அரைக் கிலோ கடலையைச் சனிக்கிழமை ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீரை நன்றாக வடித்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து பிரீசரில் வைத்துவிடலாம். உறையும்போது உள்ளே உண்டாகும் பனிப் படிகங்கள் செல்களைக் கீறிவிடும். வேண்டுகிற அன்றைக்கு உருக்காமல் அப்படியே குக்கரில் போடலாம். புதிதாக ஊறியதைவிடச் சற்றுச் சீக்கிரமே வெந்துவிடும்.